சொகுசுக் கப்பல் பங்கு மலிந்துவிட்டதாம், காணி விற்ற காசைப் போடலாமா?

நிலாவெளிப் பக்கம் நான்கு அறைகளோடு கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியே இங்கே தருகிறேன். வயது 52. மனைவிக்குச் சீதனமாக வந்த காணித் துண்டொன்றை விற்றதில், செலவெல்லாம் போக 35 இலட்சம் ரூபா வங்கியில் கிடக்கிறது. விடுதியைத் திருத்த எடுத்த கடனில் இன்னும் 9 இலட்சம் பாக்கி, வட்டி 15 வீதம். மகள் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகிறார். அதன் பிறகு படிப்புச் செலவுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் 12 இலட்சம் தேவைப்படும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார்.

மனைவியின் தம்பி அமெரிக்கச் சொகுசுக் கப்பல் ஒன்றில் அறைப் பணியாளராக இருக்கிறார். அந்த மச்சான் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டுத்தான் இவருக்கு ஆசை பிறந்திருக்கிறது. பயணத் துறை படுத்திருப்பதால் கப்பல் கம்பனிப் பங்குகள் மலிந்து கிடக்கின்றன, கொரோனா நேரம் கார்னிவல் என்ற பெரிய கப்பல் கம்பனியின் பங்கை 8 டொலருக்கு வாங்கியவர்கள் எல்லாம் பணக்காரராகிவிட்டார்கள், கப்பலில் ஒரு அறைகூடக் காலி இல்லை, இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்பது மச்சானின் பேச்சு. வாசகர் தன் பக்கத்துக்கு இன்னொன்றையும் சேர்க்கிறார்: 2023 ஜூனில் கோர்டேலியா கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்ததைத் தானே போய்ப் பார்த்தாராம், அவ்வளவு பெரிய தொழில் விழுந்து போகாது என்கிறார்.

திட்டம் இதுதான். 35 இலட்சத்தையும் உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு மாற்றும் வழியில், கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்கு அனுப்புவது. அவர் தன் பெயரில் கார்னிவல் பங்குகளை வாங்கி வைத்திருப்பது. விலை ஏறியதும் விற்றுத் திருப்பி அனுப்புவது. மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. “இது புத்திசாலித்தனமா, சட்டப்படி சரியா, மனைவிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?” என்று மூன்று கேள்விகளோடு கடிதம் முடிகிறது.

அன்பின் ஐயா,

முடிவெடுக்கும் முன் எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தை இப்போது இருக்கும் வடிவில் செய்யாதீர்கள். கப்பல் கம்பனிகள் மோசமானவை என்பதால் இதைச் சொல்லவில்லை, அவற்றில் சில மிக நன்றாக மீண்டு வந்தவை. உங்கள் வாழ்க்கை முழுவதும் ஏற்கெனவே சுற்றுலாத் துறையில்தான் போடப்பட்டிருக்கிறது என்பதே முதல் காரணம்.

கடிதத்தோடு உங்கள் முன்பதிவுக் கொப்பியின் சில பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். சீசன் நன்றாகப் போகிறது என்று காட்டத்தான் அனுப்பினீர்கள். நான் அதிக நேரம் பார்த்தது 2019 மே மாதப் பக்கத்தை. எட்டுப் பெயர்கள், எட்டின் மேலும் சிவப்புப் பேனையால் கோடு. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒவ்வொருவராக ரத்துச் செய்திருக்கிறார்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் “முற்பணம் திருப்பியாச்சு” என்று உங்கள் மனைவியோ நீங்களோ எழுதியிருக்கிறீர்கள். 2018 இல் 23 இலட்சத்துக்கு மேல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2019 இல் 19 இலட்சமானார்கள், 2020 இல் 5 இலட்சம், 2021 இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தீர்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த 2020 இல் உங்கள் சேமிப்பு முழுவதும் கார்னிவல் பங்கில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஜனவரியில் 50 டொலர் அளவில் இருந்த பங்கு ஏப்ரல் தொடக்கத்தில் 8 டொலர். அதே வாரங்களில் உங்கள் நான்கு அறையும் பூட்டு. வருமானம் நின்ற நாளிலேயே சேமிப்பும் ஆறில் ஒரு பங்காகியிருக்கும். அந்த நிலையில் நீங்கள் பொறுமையாகக் காத்திருந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் பில்லுக்கும் கடன் தவணைக்கும் அந்த 8 டொலருக்கே விற்றிருப்பீர்கள். கெட்ட காலத்தில் வாங்கி நல்ல காலம் வரை வைத்திருப்பவருக்குத்தான் இலாபம் என்று மச்சான் சொல்வது உண்மை. அப்படி வைத்திருக்க, பயணத் துறை படுத்தாலும் தொடர்ந்து வரும் வேறொரு வருமானம் வேண்டும். உங்களுக்கு அது இல்லை.

கப்பல் நிரம்பியிருப்பது ஒரு தகவலே இல்லை

மச்சான் பொய் சொல்லவில்லை, கப்பல் உண்மையாகவே நிரம்பித்தான் இருக்கும். இந்தத் தொழிலில் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கெடுத்துத்தான் நூறு வீதம் என்பார்கள். பிள்ளைகளோடு மூன்று நான்கு பேர் ஓர் அறையில் தங்கினால் கணக்கு நூறைத் தாண்டும், நல்ல ஆண்டுகளில் தாண்டுவது வழக்கம். காலியாகப் போகும் அறை ஒரு சதமும் தராது. ஏறிய பயணியோ டிக்கெட் மலிவாக இருந்தாலும் குடிவகை, கசினோ, கரைச் சுற்றுலா என்று உள்ளே செலவழிப்பார். அதனால் கம்பனிகள் கப்பல் நிரம்பும் வரை விலையைக் குறைத்துக்கொண்டே போகும். நல்ல காலம் கெட்ட காலம் தெரிவது அறை எண்ணிக்கையில் இல்லை, ஓர் அறை என்ன விலைக்குப் போனது என்பதில். அது கப்பலில் படுக்கை விரிக்கும் மச்சானுக்குத் தெரிய வழியில்லை.

கோர்டேலியா பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கப்பல் உங்கள் வாதத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. நீங்கள் பார்த்த, ‘எம்ப்ரஸ்’ என்ற பெயர்கொண்ட அந்தக் கப்பல் முன்பு ரோயல் கரீபியன் கம்பனியின் ‘எம்ப்ரஸ் ஒஃப் த சீஸ்’. 2020 இல், கப்பல்கள் ஓடாமல் காசு கரைந்துகொண்டிருந்த நேரம், அந்தக் கம்பனி தன் பழைய கப்பல்களைத் தள்ளிவிட்டபோது கைமாறி, பிறகு இந்தியக் கம்பனியொன்றின் கீழ் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஓடியது. சரிவு நேரத்தில் விற்றுக் கழித்த சொத்தைத்தான் நீங்கள் துறைமுகத்தில் பார்த்தீர்கள். கார்னிவலின் சில கப்பல்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. ‘ஃபேன்டசி’, ‘இன்ஸ்பிரேஷன்’, ‘இமேஜினேஷன்’ என்று பெயர்கொண்ட மூன்று கப்பல்கள் அதே ஆண்டில் துருக்கியின் அலியாகா கரையில் ஏற்றப்பட்டு இரும்புக்காக உடைக்கப்பட்டன.

8 டொலர் கதையின் மீதி

உங்களை அதிகம் இழுத்தது இந்தக் கதைதான் என்று கடிதத்தில் தெரிகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2020 மார்ச் நடுப்பகுதியில் அமெரிக்க சுகாதார அதிகாரிகள் கப்பல்களை ஓடவே கூடாது என்று நிறுத்தினார்கள். கப்பல் நின்றாலும் செலவு நிற்பதில்லை. நங்கூரமிட்டிருக்கும் கப்பலுக்கும் ஆட்கள், எரிபொருள், காப்புறுதி, கடன் வட்டி எல்லாம் வேண்டும். முன்பணம் கட்டிய பயணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் காசைத் திருப்பிக் கேட்டார்கள். கார்னிவலுக்கு மாதம் அரை பில்லியன் டொலருக்கு மேல் கரைந்தது. அமெரிக்க அரசின் பெரிய நிவாரணப் பொதியும் கைகொடுக்கவில்லை, ஏனென்றால் அப்போது கார்னிவல் பனாமாவிலும் ரோயல் கரீபியன் லைபீரியாவிலும் நோர்வேஜியன் பெர்முடாவிலும் பதிவான கம்பனிகள். வரி குறைவு என்று தெரிந்தெடுத்த பதிவு, இடர் வந்தபோது வெளியாள் ஆக்கிவிட்டது.

பிறகு எப்படித் தப்பினார்கள்? கடன் வாங்கியும் புதுப் பங்கு விற்றும். 2020 ஏப்ரலில் கார்னிவல் 4 பில்லியன் டொலரை 11.5 வீத வட்டிக்குக் கடனாக எடுத்தது. டொலரில் 11.5 வீதம் என்றால் எவ்வளவு நெருக்கடி என்று பாருங்கள். அதே வாரம் புதிய பங்குகளை 8 டொலருக்கு விற்றது. மச்சான் சொல்லும் 8 டொலர் பழைய பங்குதாரருக்கு வலியாகத்தான் இருந்தது. அவர்களுடைய பங்கு அன்று மெலிந்தது.

உங்கள் விடுதியை வைத்தே சொல்கிறேன். நீங்களும் தம்பியும் ஆளுக்குப் பாதியாக விடுதியை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கஷ்ட காலத்தில் இன்னும் இரண்டு பேரைப் பங்காளியாகச் சேர்த்து, அதற்கு மேல் பெரிய வங்கிக் கடனும் எடுத்தீர்கள். மூன்று ஆண்டு கழித்து விடுதி முன்னைவிட நன்றாக ஓடுகிறது, எல்லா அறையும் நிரம்பியிருக்கிறது. ஆனால் முதலில் வங்கிக்கு வட்டி, மிச்சத்தில் உங்களுக்கு நாலில் ஒன்று.

கார்னிவலில் நடந்தது இதுதான். 2019 முடிவில் ஏறக்குறைய 68 கோடி பங்குகள், ஒன்று 50 டொலர் அளவில், கடன் 11.5 பில்லியன். பங்குகளின் பெறுமதியும் கடனும் சேர்த்தால் கம்பனி மொத்தம் சுமார் 45 பில்லியன் டொலர். 2024 முடிவில் பங்குகள் ஏறக்குறைய 130 கோடி, ஒன்று 25 டொலர் அளவில், கடன் 27.5 பில்லியன். மொத்தம் சுமார் 60 பில்லியன். கம்பனி வளர்ந்திருக்கிறது, 2024 இல் அதன் வருமானம் 25 பில்லியன், அதுவரையான வரலாற்றில் உச்சம். ஆனாலும் ஒரு பங்கின் விலை பழைய விலையில் பாதி. “50 இல் இருந்தது, 8 க்கு வந்தது, ஆகவே 50 க்குப் போகும்” என்ற கணக்கு இதைப் பார்ப்பதில்லை. மலிவு என்று சொல்லும்போது பங்கின் விலையை மட்டும் பார்க்காமல் எத்தனை பங்கு, எவ்வளவு கடன் என்று சேர்த்துப் பாருங்கள்.

சரி, 8 டொலருக்கு வாங்கியவர் 2024 இறுதியில் மூன்று மடங்கு பார்த்தாரே என்று கேட்பீர்கள். பார்த்தார். ஆனால் இடையில் 2021 நடுவில் 30 டொலர் அளவுக்கு ஏறி, 2022 ஒக்டோபரில் 8 டொலருக்கும் கீழே இறங்கியது. இரண்டரை ஆண்டு வைத்திருந்தும் அவர் நட்டத்தில் நின்றார். 2020, 2021, 2022 மூன்று ஆண்டுகளிலும் சேர்த்துக் கம்பனியின் நட்டம் 25 பில்லியன் டொலருக்கு மேல். அந்த 2022 நமக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றுகொண்டு இந்தப் பங்கை விற்காமல் வைத்திருந்திருப்பீர்களா?

அப்புறம், தப்பியவர்களின் கதைதான் நம் காதுக்கு வரும். ரோயல் கரீபியன் 20 டொலர் அளவுக்கு விழுந்து 2024 இல் 200 ஐத் தாண்டியது. நோர்வேஜியன் 2020 மே மாதத்தில் தாங்கள் தொடர்ந்து இயங்க முடியுமா என்பதே சந்தேகம் என்று தாங்களே அறிவித்து, பிறகு கடன் திரட்டித் தப்பியது. ஆனால் ஸ்பெயினின் புல்மந்தூர் விழுந்தது, பிரித்தானியாவின் குரூஸ் அன்ட் மரிடைம் வோயேஜஸ் விழுந்தது, மும்பையிலிருந்து ஓடிய ஜலேஷ் நின்றுபோனது. ஹொங்கொங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த கெந்திங் ஹொங்கொங், ஒரு காலத்தில் நோர்வேஜியன் கம்பனியையே வாங்கி வைத்திருந்த பெரிய நிறுவனம், 2020 ஓகஸ்டில் கடன் கட்டுவதை நிறுத்தியது, 2022 ஜனவரியில் கலைப்புக்குப் போனது. இதே “சரிவில் வாங்கு” என்ற பேச்சைக் கேட்டு அதை வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிவு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 2008, 2009 பொருளாதார வீழ்ச்சியில் டிக்கெட் விலை குறைந்ததே தவிர கப்பல்கள் ஓடின. கார்னிவல் பங்கிலாபத்தை நிறுத்தி வைத்தாலும் 2009 இல்கூட ஏறக்குறைய 1.8 பில்லியன் டொலர் இலாபம் எடுத்தது. அந்த மாதிரிச் சரிவில் வாங்குவது ஒரு கணக்கு. 2012 ஜனவரியில் கொஸ்தா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தது அதன் தாய்க் கம்பனியான கார்னிவலை அடித்தது, அது வேறு கணக்கு. கப்பலே ஓடாமல் நின்ற 2020 முற்றிலும் வேறு. மச்சான் சொல்லும் இன்றைய மந்தம் எந்த வகை என்று யாராவது உங்களுக்கு விளக்கினார்களா? அதற்குப் பதில் இல்லாமல் “பங்கு இறங்கியிருக்கிறது” என்ற ஒன்றை மட்டும் வைத்து வாங்க முடியாது. எரிபொருளையும் மறக்கவேண்டாம். ரோயல் கரீபியன் தன் எரிபொருள் செலவில் ஒரு பகுதியை முன்கூட்டியே விலை பேசிப் பூட்டி வைக்கும். கார்னிவலுக்கு அந்த வழக்கம் இல்லை. எண்ணெய் விலை துள்ளினால் அது நேராக இலாபத்தைத் தின்னும்.

ஸ்காபரோ வழி வேண்டாம்

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை, சட்டப்படி சரியில்லை. இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டில் பங்கு வாங்குவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும் மூலதனக் கொடுக்கல் வாங்கல். அதற்கென்று அனுமதி பெற்ற வங்கியில் தனியான வெளிநாட்டு முதலீட்டுக் கணக்கு திறந்து, அதன் வழியாகத்தான் காசு போக வேண்டும். 2020 இல் டொலர் தட்டுப்பாடு தொடங்கியபோது இந்த வழியையும் இறுக்கினார்கள். அதன் பின் கட்டளைகளும் வரம்புகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆகவே யாரோ முந்தைய ஆண்டில் அனுப்பினார் என்பதை வைத்து முடிவெடுக்காமல், அனுப்ப நினைக்கும் நாளில் என்ன விதி என்பதை உங்கள் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

உண்டியல் இந்த வழிக்கு முழுக்க வெளியே. அங்கே போகும் காசுக்கு ரசீது இல்லை, பதிவு இல்லை. இடையில் நிற்பவர் கைவிரித்தால் பொலிஸுக்குப் போய் முறையிட உங்களுக்கு வாயில்லை, ஏனென்றால் முதல் தவறு உங்களுடையதாகிவிடும். அந்த வலையில் போகும் மற்றவர்களின் காசு எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. பணம் தூயதாக்கல், அதாவது கள்ளக் காசை நல்ல காசாகக் காட்டும் குற்றம் பற்றிய விசாரணை என்று வந்தால், காணி விற்ற சுத்தமான காசைக்கூட நீங்கள் விளக்க வேண்டிவரும்.

தம்பி நல்லவர், கூடப்பிறந்தவர் போல என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனாலும் பங்கு அவர் பெயரில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது அவருடையது. அவருக்கு ஏதும் நேர்ந்தால் அது அவருடைய மனைவி பிள்ளைகளின் சொத்து. அவர் விவாகரத்துப் பெற்றாலோ கடனில் விழுந்தாலோ அதுவும் கணக்கில் எடுக்கப்படும். விற்ற இலாபத்துக்கு அவர்தான் கனடாவில் வரி கட்ட வேண்டும், அதை யார் தலையில் போடுவது என்று இன்னும் நீங்கள் இருவரும் பேசவே இல்லை. உறவு கெடுவதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. இப்படிப் பேசாமல் விட்ட ஒன்று போதும்.

கடிதத்தின் ஓரத்தில், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கடனட்டையால் காசு கட்டினால் செயலி ஒன்றில் இதே பங்கை வாங்கலாம் என்றதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அட்டைகளால் வெளிநாட்டுக்குக் காசு கட்ட அனுமதி இருப்பது பொருளும் சேவையும் வாங்கத்தான், முதலீட்டுக்கு இல்லை. இப்படிப்பட்ட பல செயலிகளில் நீங்கள் வாங்குவது பங்கும் இல்லை, விலை ஏறுமா இறங்குமா என்ற ஒப்பந்தம் மட்டும். கடன் வைத்து ஆடவிடுவதால் ஒரு நாள் இறக்கத்தில் போட்ட காசு முழுவதும் போய்விடலாம். யாராவது தனிப்பட்ட வங்கிக் கணக்கு இலக்கம் தந்து அதில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். இங்கே பங்குத் தரகு செய்ய, பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

35 இலட்சத்தைப் பிரித்துப் பார்த்தால்

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் கடன் 9 இலட்சம். அதை அடைத்தால் ஆண்டுக்கு 15 வீதம் உங்களுக்கு மிச்சம், எந்தச் சந்தை விழுந்தாலும் குறையாத மிச்சம். கடனை முன்கூட்டி முடிக்க வங்கி கட்டணம் கேட்குமா என்று விசாரியுங்கள். கேட்டாலும் பெரும்பாலும் அடைப்பதுதான் இலாபம். 2022, 2023 இல் கடன் வட்டி 30 வீதத்தை நெருங்கியபோது நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் எத்தனை சிறிய விடுதிகள் கைமாறின என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்து விடுதியின் கையிருப்பு. மாதச் செலவு 1 இலட்சத்துப் 10 ஆயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக் காற்றும் மழையும் வந்து அடுத்த சீசன் வரை உங்கள் கொப்பி ஏறக்குறைய வெள்ளைதான். குறைந்தது எட்டு மாதச் செலவு, அதாவது 9 இலட்சம் அளவில், சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால நிலையான வைப்பிலுமாக இருக்கட்டும். அதைத் தொடாதீர்கள். மூன்றாவது மகளின் 12 இலட்சம். இரண்டு ஆண்டுக்குள் தேவைப்படும் காசை எந்தப் பங்கிலும் போடக் கூடாது. நிலையான வைப்பு அல்லது திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கத் தரும் பத்திரம்) போதும்.

மிச்சம் 5 இலட்சம். நீங்கள் உண்மையில் கேட்கும் கேள்வி இந்த 5 இலட்சத்தைப் பற்றியதுதான். டொலர் 300 ரூபா அளவில் என்று வைத்தால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் டொலர்.

இந்தத் தொகையைக் கொஞ்சம் துணிந்து வைக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன், 52 வயதில் எல்லாவற்றையும் வைப்பில் பூட்ட வேண்டியதில்லை. ஆனால் கப்பலிலும் ஹோட்டலிலும் வேண்டாம். கொழும்புப் பங்குச் சந்தையில் ஹோட்டல் கம்பனிப் பங்குகளும் இருக்கின்றன. உப்புவெளியிலுள்ள ட்ரிங்கோ ப்ளூ போன்ற ஹோட்டல்களின் பின்னால் இருப்பதும் கொழும்பில் பட்டியலிட்ட கம்பனிகள்தான். அவையும் உங்கள் அறைகள் காலியாகும் அதே மாதங்களில் விழும். உணவு, வங்கி, மருத்துவம், மின்சாரம் என்று சுற்றுலாவோடு தொடர்பு குறைந்த துறைகளைப் பாருங்கள். தனித்தனியாகத் தெரிந்தெடுக்க நேரமில்லை என்றால் பலரின் காசைச் சேர்த்து முதலீடு செய்யும், உரிமம் பெற்ற யூனிட் டிரஸ்ட் ஒன்றில் மாதாமாதம் சிறு தொகையாகப் போட்டு வரலாம். பங்கு வாங்க, வாங்கிய பங்குகள் பதிவாகும் சிடிஎஸ் கணக்கு வேண்டும். அதைக் கொழும்புக்குப் போகாமல் கைப்பேசியிலேயே திறக்கலாம், ஆள் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் பங்குச் சந்தைக் கிளை இருக்கிறது.

டொலரில் காசு இருந்தால் ரூபா விழும்போது காக்கும் என்பது உங்கள் இன்னொரு வாதம். 2022 இல் சில வாரங்களுக்குள் 200 இலிருந்து 360 க்குப் போனதைப் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் வருவது இயல்பு. ஆனால் 360 இல் டொலர் வாங்கியவர் 2024 இறுதியில் 293 அளவில் நின்றார், நாணயத்தில் மட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நட்டம். உங்களுக்கு வேறொரு காப்பும் இருக்கிறது: வெளிநாட்டு விருந்தினரிடம் அறை விலையை டொலர் கணக்கில்தான் சொல்கிறீர்கள். ரூபா விழுந்தால் உங்கள் வருமானம் ரூபாவில் ஏறும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கப்பல் பங்காவது கையில் இருக்க வேண்டும் என்று மனம் சொன்னால், இந்த 5 இலட்சத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாமல், வங்கி அனுமதிக்கும் வழியில், உங்கள் சொந்தப் பெயரில் மட்டும் செய்யுங்கள். வாங்குமுன் கம்பனியின் ஆண்டறிக்கையில் அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் எவ்வளவு கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது, ஆண்டு வட்டி எவ்வளவு, பங்குகளின் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா, அடுத்த ஆண்டுக்கான முன்பதிவுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பாருங்கள். ஆங்கில அறிக்கையை வாசிக்க மகள் உதவுவார். வங்கி முடியாது என்று சொன்னால் அத்தோடு விடுங்கள். அந்த ஒரு இலட்சத்தில் விடுதிக்குச் சூரிய வெந்நீர்க் கருவியோ நல்ல மெத்தைகளோ வாங்கினால் அடுத்த ஏப்ரலிலேயே பலன் தெரியும்.

கப்பல்கள் திருகோணமலைக்குக் கூடுதலாக வந்தால் விடுதிக்கு ஆதாயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கப்பலில் வருபவர் கப்பலிலேயே தூங்குவார், கப்பலிலேயே சாப்பிடுவார். காலையில் இறங்கிக் கோணேசர் கோவில், கன்னியா வெந்நீர்க் கிணறு, நேரமிருந்தால் புறாத்தீவு என்று பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார். அறை நிரம்பாது. வான் வைத்திருக்கும் உங்கள் அயலவரோடு சேர்ந்து அரை நாள் சுற்றுலாவும் வீட்டுச் சாப்பாடும் ஒழுங்கு செய்தால் அதில் கொஞ்சம் வரும்.

மூன்றாவது கேள்வி, மனைவிக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். காணி அவருடைய சீதனம், உறுதியும் அவர் பெயரில் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த 35 இலட்சம் அவருடைய காசு. நீங்கள் விளங்கப்படுத்துவதைவிட அவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 2019 மே பக்கத்தில் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் அவராக இருந்தால், உங்கள் இருவரில் ஆபத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் அவர்தான். வங்கிக்குப் போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடன் முடிக்கும் பத்திரத்தை இருவரும் வாசித்துக் கையெழுத்து வையுங்கள், மகளின் வைப்பையும் கையிருப்பையும் அவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ திறவுங்கள். முன்கூட்டிக் கடன் முடிக்க வங்கி சொல்லும் கட்டணத்தையும், வெளிநாட்டு முதலீடு பற்றி அவர்கள் எழுத்தில் தரும் பதிலையும் எனக்கு அனுப்பினால், அந்த 5 இலட்சத்தைப் பற்றி இன்னும் குறிப்பாக எழுதுகிறேன்.